நாலரைக் கட்டையில் ஒரு மோகனம்

மூன்று உருப்படிகளுக்குத் தலா 30 மதிப்பெண். ஸ்கேல்களுக்கு 21, தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, கேட்டுச் சொல்வதற்கு 18. ஆக 150. அதில் 100 எடுத்தால் தேர்ச்சி, 120க்கு மெரிட், 130க்கு டிஸ்டிங்ஷன். ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் பியானோ வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 1889இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் தேர்வு வாரியத்தின் எட்டு கிரேடுகளைப் பிடித்துக்கொண்டுதான் மலேசியப் பிள்ளைகள் பலர் பியானோவில் ஏறுகிறார்கள்.

தேர்வு விரலுக்கு ஒழுங்கைத் தரும். ஆனால் ஆண்டு முழுக்க மூன்றே உருப்படிகளைத் தேய்த்துவிட்டு அடுத்த கிரேடுக்குத் தாவும் பிள்ளைக்கு, பியானோவுக்கென்று எழுதப்பட்ட அழகான இசையில் பெரும்பகுதி காதில் விழாமலே போய்விடுகிறது. அந்த இசைக்குள் நுழையத் தமிழ்க் காதுக்குப் பல வாசல்கள் ஏற்கெனவே திறந்துதான் இருக்கின்றன.

முதல் வாசலைத் திறந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் பிறந்தது 1775இல்; பீத்தோவன் பிறந்தது 1770இல். சென்னையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார் தீட்சிதர். அவைதாம் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். பிரிட்டனின் தேசிய கீத மெட்டிலும் ஒன்று உண்டு: ‘சந்ததம் பாஹிமாம்’. 1893இல் சின்னசாமி முதலியார் மறுதிசையில் பயணம் செய்தார். கர்நாடகக் கிருதிகளை ஐரோப்பிய நொடேஷனில் எழுதி அச்சிட்டார். ஜொகூருக்கும் மேற்கத்திய இசை நேற்று வந்ததல்ல. இம்மாநிலத்தின் கீதத்துக்கு 1879இல் மெட்டமைத்தவர், ஜொகூர் பாருவில் வாழ்ந்த மெக்கர்டிச் கலிஸ்தான் என்ற ஆர்மீனியர்.

கோயில் பஜனையில் ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்குக் கட்டைக் கணக்கு தெரியும். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று பாடகர்கள் சுருதி சொல்கிறார்களே, அதே கணக்கு பியானோவுக்கும் பொருந்தும். முழு எண்கள் வெள்ளைக் கட்டைகள், அரைகள் கறுப்புக் கட்டைகள். ஒரு கட்டையை ஸட்ஜமாக வைத்து வெள்ளையிலேயே ஏறினால் சங்கராபரணம். நாலரைக் கட்டையிலிருந்து கறுப்பை மட்டும் தொட்டுக்கொண்டு போனால் மோகனம். அதே ஐந்து கறுப்புகளை ஐந்தரையிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி, ஆறரையிலிருந்து இந்தோளம், ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி, இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று கச்சேரி மேடையில் வித்துவான்கள் செய்துகாட்டுவதை ஏழு வயதுப் பிள்ளை இரண்டு விரலால் செய்துவிடலாம். பியானோவில் கமகம் கிடையாது. ஒரு ஸ்வரத்தை அசைக்கவோ இழுக்கவோ வழியில்லை. அதனால் வருவது ராகத்தின் எலும்புக்கூடு மட்டுமே. காதுக்கு அடையாளம் பிடிபட அது போதும்.

இந்த எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டே ஐரோப்பியர் இருவர் அற்புதம் செய்திருக்கிறார்கள். ஷோப்பினின் பத்தாம் ஓபஸில் ஐந்தாவது எட்டூட் 1833இல் அச்சாயிற்று. அதில் வலது கை, ஒரே ஓர் இடம் தவிர, முழுக்கக் கறுப்புக் கட்டைகளிலேயே பாய்ந்தோடும். வாசிக்கத் தேர்ந்த விரல்கள் வேண்டும். கேட்க இரண்டு நிமிடம் போதும். மற்றவர் டெபுஸி. 1889இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜாவாக் கலைஞர்களின் கேமலான் இசையைக் கேட்டு மயங்கியவர் அவர். அந்த ஒலி 1903இல் ‘பகோடாக்கள்’ என்ற பியானோ உருப்படியில் வெளிப்பட்டது. அடியில் மணி ஓசை போலக் கனத்த ஸ்வரங்கள், மேலே ஐந்து ஸ்வர மெட்டு. கேமலானைத் திருமண மண்டபத்திலும் அரசு விழாக்களிலும் கேட்டுப் பழகிய மலேசியருக்கு அது தூரத்துச் சொந்தமாகவே ஒலிக்கும்.

வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு எது? ஒன்றிரண்டு ஆண்டு கற்றவர் ஜி மேஜரில் அமைந்த மினுவெட்டை எடுக்கலாம். பாக் தம் மனைவி அன்னா மக்டலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் அது இருந்ததால், பாக் எழுதியது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பது 1970களில்தான் தெளிவாயிற்று. இரண்டே குரல்கள், இடது கை வெறும் துணை அல்ல, அதற்கும் தனிப் பேச்சு உண்டு.

அடுத்த படியில் பாக் எழுதியதே இருக்கிறது: 1722ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதல் பிரெலூட். மொத்தம் 35 பார்கள். பாட்டென்று தனியாக எதுவும் இல்லை. உடைத்த கார்டுகள் ஒரே அச்சில் ஓடிக்கொண்டே இருக்கும், கார்டு மாறுவதுதான் கதை. 19ஆம் நூற்றாண்டில் கூனோ இதன்மேல் ஒரு மெட்டை ஏற்றினார். தேவாலயத் திருமணங்களில் பாடப்படும் ‘ஆவே மரியா’ அதுதான். பாக் என்றால் அந்நியம் என்று தயங்குகிறவர்கள் இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘ஹௌ டு நேம் இட்’டைக் கேட்டுவிட்டு வரலாம். அதில் பாக்கின் பெயரைத் தாங்கிய பகுதியே இருக்கிறது.

‘ஃபூர் எலிஸ்’ தெரியாத வீடு கிடையாது. பீத்தோவன் 1810இல் எழுதிய இது, அவர் இறந்து நாற்பது ஆண்டுக்குப் பின் 1867இல்தான் அச்சேறியது. அந்த எலிஸ் யார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆறு கட்டையை ஸட்ஜமாகக் கொண்டு கேட்டால், பஞ்சமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவே ஊசலாடித் தொடங்கி, பிறகு கீரவாணிச் சாயலில் இறங்குவது தெரியும். எல்லோரும் வாசிப்பது அந்த முதல் பகுதியை மட்டுமே. நடுவில் வரும் இரண்டு பகுதிகள் கடினம் என்பதால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான நாடகம் அங்கேதான் இருக்கிறது.

‘மூன்லைட்’ சொனாட்டாவின் கதையும் விசித்திரமானது. 1801இல் எழுதப்பட்ட அதற்கு நிலவின் பெயரைச் சூட்டியவர் பீத்தோவன் அல்ல, விமர்சகர் லுட்விக் ரெல்ஸ்டாப்; அதுவும் பீத்தோவன் மறைந்த பிறகு. முதல் பகுதி முழுவதையும் தந்திகளை அடக்காமல் வாசிக்கச் சொல்கிறது மூலக் குறிப்பு. இன்றைய பியானோவில் ஒலி அதிக நேரம் நிற்பதால், பெடலைக் கார்டுக்குக் கார்டு மாற்றி மிதிப்பதே வழக்கம். மிதி தவறினால் எல்லாம் கலங்கிவிடும்.

விரல் வேகம் குறைவு, மனம் மட்டும் நிறைய இருக்கிறது என்போருக்கு ஷோப்பினின் 28ஆம் ஓபஸ் பிரெலூடுகள் உண்டு. ஏழாவது, 16 பார்களில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான்காவதில் வலது கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் ஏங்கி நிற்க, இடது கைக் கார்டுகள் அரையரை ஸ்வரமாக இறங்கிக்கொண்டே போகும். 1849இல் பாரிஸில் ஷோப்பினின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள். ஷூமன் 1838இல் எழுதிய ‘டிராய்மெரய்’, எரிக் சாட்டியின் 1888ஆம் ஆண்டு முதல் ‘ஜிம்னொபெடி’ இரண்டும் இதே வகை: தாளில் எளிமை, நிதானம் தவறாமல் வாசிப்பதில் கடினம்.

நேரில் கேட்க ஜொகூர்வாசிகளுக்கு வசதி அதிகம். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம் 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சிங்கப்பூரின் எஸ்பிளனேட் அரங்கமோ 1924இல் திறந்த கிலோமீட்டர் நீளக் காஸ்வேயைக் கடந்தால் போதும். நெரிசலும் குடிநுழைவு வரிசையும்தான் தொல்லை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஷோப்பினுக்கு வெண்கலச் சிலையே உண்டு. அங்குள்ள சிம்ஃபனி ஏரி மேடையில் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு இலவசமாக வாசிப்பதும் உண்டு.

வீட்டில் பியானோ வாங்க நினைப்போர் ஜொகூரின் ஈரக்காற்றை மறக்கக் கூடாது. ஒரு பியானோவுக்குள் சுமார் 230 தந்திகள், மொத்த இழுவிசை ஏறக்குறைய 20 டன். மரமும் கம்பளியும் ஈரத்தை உறிஞ்சினால் கட்டைகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், சுருதி நழுவும். கரையான் வேறு. ஜப்பானிலிருந்து வரும் பழைய அப்ரைட் பியானோக்கள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. உள்ளே ஈரம் போக்கும் மின்கம்பி பொருத்தியிருக்கிறதா, ஆணிப்பலகையில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் 88 கனத்த கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவை வாங்கி ஹெட்போனில் வாசிக்கலாம், டியூனிங் தேவையில்லை. தந்திப் பியானோதான் வேண்டுமென்றால், ஆண்டுக்கு இரண்டு முறை டியூனரை வரவழைக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்காரரிடம் விலை பேச வேண்டும்.