மோட்டாரின் மின்வடமும் செருகியும்: எதை மீளப் பயன்படுத்தலாம், எதைத் தள்ளவேண்டும்?

சிறுபோகத்திலே தம்புள்ளை, கலேவெல, நாவுலப் பகுதிகளிற் பெரிய வெங்காயமும் மரக்கறியும் செய்யும் கமக்காரர்க்குக் கிணற்று நீரே ஆதாரம். அந்நீரை இறைக்கும் மோட்டாரைப் பேணுவோர் பலரும், வடத்தின் நுனியிலுள்ள பிளக் என்னும் செருகியைக் கவனிப்பதில்லை. ஈரநிலத்திலே வெறுங்காலுடன் நிற்பவருக்கு ஆபத்து பெரும்பாலும் அச்சிறு பொருளிலிருந்தே வருகின்றது.

செருகி ஏன் கருகுகின்றது?

ஒரு குதிரைவலு மோட்டார் 230 வோல்ற்றில் ஓடும்போது சுமார் 5 முதல் 7 அம்பியர் மின்னை எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதனிலும் பன்மடங்கு எடுக்கும். திருகாணி தளர்ந்திருப்பின் மின்தடை கூடி, அவ்விடம் சூடேறும். சூட்டினால் செம்பு கறுத்து, பிடி மேலும் தளரும். வடத்தைப் பிடித்து இழுத்துச் செருகியைக் கழற்றும் வழக்கமும் இத்தளர்வுக்குக் காரணமாகும்.

மீளப் பயன்படுத்துமுன் பார்க்கவேண்டியவை

மின்னை முதன்மை ஆளியிலே நிறுத்தி, வடத்தை மின்னிலிருந்து முற்றாகக் கழற்றிய பின்னரே செருகியைத் திறத்தல் வேண்டும். முள்ளுகள் கருகாமலும் ஆடாமலும், உறை வெடிக்காமலும், திருகாணிகள் இறுகப் பிடிப்பனவாயும், வடத்தின் வெளியுறையைப் பிடிக்கும் பட்டி உடையாமலும் இருப்பின் அதனை மீளப் பயன்படுத்தலாம். இவற்றுள் ஒன்று குறையினும் புதியது வாங்குக.

பூட்டும் முறை

கறுத்த செம்பை வெட்டி நீக்கி, ஒளிரும் செம்பு தோன்றும்வரை வடத்தைக் குறுக்குக. இழைகளை முறுக்கி, ஒன்றேனும் வெளியே நில்லாவாறு திருகாணியின் கீழ் இறுக்குக. துளையிற் புகவில்லையென்று இழைகளை வெட்டலாகாது. ஈயப்பற்று வைப்பதும் தவறு, ஏனெனில் ஈயம் அழுத்தத்தில் நெகிழ்ந்து திருகாணி தளரும். பச்சையும் மஞ்சளுமான புவிக்கம்பியை மற்றவற்றிலும் சற்று நீளமாக விடுக. வடம் இழுபட்டால் அது கடைசியாகவே அறும். உயிர்க்கம்பி உருகி உள்ள பக்கத்திற்கே செல்லவேண்டும். உருகிக்குப் பதிலாகச் செம்புக்கம்பி சுற்றுவது உயிருடன் விளையாடுவதாகும். வடங்கள் இரண்டை இணைக்குமிடத்தில், மின் வரும் பக்கத்திற் குதையும் மோட்டார்ப் பக்கத்தில் முள்ளும் இருத்தல் வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பற்க

திரீ பேஸ் எனப்படும் மூவவத்தை மின்னுக்குரிய பழைய வடங்களிற் கறுப்பு நொதுமற்கம்பி. நீலமோ மின்னுள்ள அவத்தைக் கம்பி. புதிய வடங்களில் நீலம் நொதுமல், கறுப்பு மின்னுள்ளது. பழையதையும் புதியதையும் நிறம் பார்த்து இணைத்தவர் மின்னையே கையிற் பிடிப்பர். அவத்தைக் கம்பிகள் இரண்டு இடம் மாறின் மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழன்று நீர் குறையும். ஆகையால் இவ்வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

வயலில் மூட்டு வேண்டாம்

கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிப் பொலித்தீன் கட்டிய மூட்டை வரம்பிலோ வாய்க்காலிலோ கிடத்தலாகாது. ஒரே நீளமான வடமே நன்று. இணைப்புத் தவிர்க்க முடியாதவிடத்து, வெளியிடத்திற்கென்று ஆக்கப்பட்ட, நீர் புகா மூடியுள்ள இணைப்பியை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டுக. சாதாரண 13 அம்பியர்ச் செருகி வீட்டினுள்ளே பயன்படுவதற்கானது. கிணற்றினுள் இறக்கும் மோட்டாரைக் கயிற்றாலே தூக்குக. வடத்தாலே தூக்கினால் நீருக்கடியிலுள்ள மூட்டு விலகும்.

இவையனைத்துடன், 30 மில்லி அம்பியர்க் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சொன்று மோட்டார் வழியிற் கட்டாயம் இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க. ஓடிய மோட்டாரை நிறுத்தி, செருகியைக் கழற்றியதும், உலர்ந்த புறங்கையால் அதன் உறையைத் தொட்டுப் பார்க்க. கை பொறுக்காத சூடு இருப்பின் மறுநாள் இறைக்குமுன் அதனைத் திருத்துக. புதிய செருகியின் விலை ஒரு பாத்தி வெங்காயத்தின் விலைக்கும் ஈடாகாது.