முதுகுத் தண்டுவடம்

திண்டுக்கல் என்னும் பெயரைத் திண்டு, கல் எனப் பிரித்துப் பொருள் கூறுவர். ஊரருகே திண்டு போலக் கிடக்கும் பெரும்பாறையே அப்பெயருக்குக் காரணம் என்பர். மனித உடலிலும் திண்டுகள் உள. அவை முதுகெலும்புகளின் இடையே மறைந்து கிடக்கின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை சுமப்பவர், வத்தலக்குண்டுத் தோப்புகளில் தென்னை ஏறுபவர், நாள் முழுதும் குனிந்தமர்ந்து பூட்டுத் தகட்டை அராவுபவர் ஆகிய அனைவர் உழைப்பையும் தாங்குவன அத்திண்டுகளே.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. குழந்தைக்கு 33 முள்ளெலும்புகள் உண்டு. வளர வளரக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்தும் ஒரு துளை உளது. அத்துளைகள் வரிசையாய் அமைந்து நீண்ட குழாய் ஆகின்றன. அக்குழாயினுள் மூளையினின்று இறங்கி வருவதே தண்டுவடம். சிறுவிரல் பருமனும் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் உடைய அவ்வடம், இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். அதன் கீழே நரம்புகள் குதிரைவால் போலத் தொங்கும். வடத்தினின்று இருபுறமும் கிளைக்கும் நரம்புகள் 31 இணைகள். அவை கிளைக்கும் இடமே நரம்பு வேர் எனப்படும்.

வேர் நோய்க்கும் வட நோய்க்கும் உள்ள வேற்றுமையை உழவர் எளிதில் உணர்வர். கிளை வாய்க்கால் அடைபட்டால் அதனைச் சார்ந்த வயல் ஒன்றே காயும். பெருங்கால்வாய் உடைந்தாலோ, உடைப்புக்குக் கீழுள்ள வயல்கள் யாவும் காயும். உடலிலும் அவ்வாறே.

எலும்புகளிடையே உள்ள திண்டு, வெளியே வலிய நார் வளையமும் உள்ளே பசை போன்ற பொருளும் உடையது. பெருஞ்சுமையைக் குனிந்து தூக்குங்கால் வளையம் கிழிந்து, உட்பொருள் பிதுங்கி, அருகுள்ள வேரை அழுத்துதல் கூடும். அப்பொழுது இடுப்பிலிருந்து ஒரு காலின் பின்புறமாக மின்னல் போல வலி ஓடும். இருமினாலும் தும்மினாலும் மிகும். ஆயுள்வேத நூலார் இதனைக் கிருத்திரசி என்றனர்; கழுகைக் குறிக்கும் வடசொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. வேர் ஒன்றுக்கு ஒரு பகுதியே உரியதாதலின், குதிகாலால் நடக்க இயலாமையும் நுனிக்காலில் நிற்க இயலாமையும் வெவ்வேறு வேர்களைக் காட்டிக்கொடுக்கும். இவ்வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும்.

வட நோயோ வஞ்சகமானது. சிலருக்கு வலியே இராது. காலினின்று செருப்பு கழன்றதும் தெரியாமல் நடப்பர், இருளில் தள்ளாடுவர், கழுத்தில் வடம் அழுந்தினால் சட்டைப் பொத்தான் போடவும் விரல் தடுமாறும். இரு கால்களும் விறைக்கும். இவற்றை வாயு என்றும் முதுமை என்றும் சொல்லி எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்துவோர் மிகப் பலர். வேர்கள் குதிரைவாலாய்த் தொங்கும் இடத்தில் அழுத்தம் நேர்ந்தால் சிறுநீர் தடைப்படும். அமரும் இடம் மரத்துப்போகும். அங்ஙனமாயின் அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

காரணங்கள் பல. முதுமையில் எலும்பு வளர்ந்து வடத்தின் வழியைக் குறுக்கலாம், கட்டி தோன்றலாம், வைட்டமின் பி12 குறைதலாலும் வடம் நலிவுறும். நம் நாட்டில் மறக்கலாகாத காரணம் காசநோய். அது நுரையீரலோடு நில்லாது முள்ளெலும்பையும் அரிக்கும். எலும்பு இடிந்து கூன் விழும். இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் இதனை விரித்தெழுதினார். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, தணியாத முதுகுவலி ஆகியவை இதன் அறிகுறிகள். பல மாதம் இடைவிடாது மருந்துண்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம்.

மரத்தினின்றும் கிணற்றுள்ளும் விழுதலால் நேரும் கேடு வேறு வகையினது. விழுந்தவரைக் கண்டவுடன் ஓடிச்சென்று கைகாலைப் பற்றித் தூக்குவதும், எழுப்பி உட்காரவைத்து நீர் புகட்டுவதும் இரக்கத்தால் செய்யப்படுவனவே. ஆயினும் எலும்பு மட்டும் முறிந்து, வடம் பிழைத்திருந்தவர்க்கு அத்தூக்குதலே வடத்தை நசுக்கிவிடக் கூடும். தலையும் கழுத்தும் அசையாமல் இருபுறமும் பிடித்துக்கொண்டு, 108 என்னும் எண்ணுக்குச் செய்தி அனுப்பிக் காத்திருத்தலே முறை. வேறு வழியின்றி நகர்த்த நேரின், பலர் கூடி உடலை ஒரே கட்டையெனத் திருப்பிப் பலகையில் கிடத்தல் வேண்டும்.

முற்றும் சிதைந்த வடத்தை மீண்டும் இணைக்கும் மருத்துவம் இன்றும் கைகூடவில்லை. எனினும் அத்தகையோர் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களும் செயலிழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப் பெரிதும் உழைத்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986இல் மறைந்தார். தண்டுவடம் சிதைந்தோர் தாமே படுக்கையினின்று நாற்காலிக்கு மாறவும், புண் வராமல் உடலைப் பேணவும், கைத்தொழில் கற்று ஊர் திரும்பவும் அந்நிலையத்தில் பயிற்றப்படுகின்றனர்.