குடோன் கதவும் ரவுட்டர் கதவும்

கடையில் கேமரா மாட்டுவதும், கணக்கை டேலியில் ஏற்றுவதும் நம் வணிகர்களுக்கு இன்று புதிதல்ல. கீழமாசி வீதியில் கடையை அடைத்துவிட்டு, திருமங்கலத்திலோ மேலூரிலோ வீட்டில் உட்கார்ந்து கல்லாவைப் பார்க்க விரும்புகிறோம். மாட்ட வந்த தம்பி ரவுட்டரில் ஏதோ எண்களைத் தட்டிவிட்டு, "சரியாயிடுச்சு அண்ணாச்சி" என்று கிளம்பிவிடுகிறார். அவர் எந்தக் கதவைத் திறந்துவிட்டுப் போனார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்பவர்கள் நம்மில் குறைவு.

ரவுட்டர் ஒரு வாட்ச்மேன். உள்ளேயிருந்து நாம் கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் விடும். அழைக்காமல் வருவதைத் திருப்பி அனுப்பும். போர்ட் என்பது வாசல் எண். 65,535 வரை எண்கள் உண்டு.

வெளியிலிருந்து வருவதை உள்ளே விட இரண்டு வழிகள். ஒன்று, போர்ட் ஃபார்வர்டிங். குடோன் கதவை இரவும் பகலும் திறந்தே போடுவது போன்றது. மற்றது, போர்ட் டிரிக்கரிங். நம் ஆள் வெளியே போய்ச் சீட்டுக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். சரக்கு வந்து சிறிது நேரம் சும்மாயிருந்தால் தானே மூடிக்கொள்ளும். பழைய அரட்டை மென்பொருள் ஒன்று இதற்குச் சரியான உதாரணம்: கம்ப்யூட்டர் 6667 வழியாக வெளியே போகும், எதிர்முனை 113 வழியாக யாரென்று விசாரிக்க வரும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), டிரிக்கர் போர்ட் 6667, உள்வரும் போர்ட் 113, வகை டிசிபி என்று குறித்துச் சேமித்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் அந்த வாசலைப் பயன்படுத்த முடியும்.

ஆனால் வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க டிரிக்கரிங் உதவாது. கடைக்குள்ளிருந்து முதல் அடி எடுத்து வைக்க அங்கே யாருமில்லையே! ஆகவேதான் ஃபார்வர்டிங் போட்டுவிடுகிறார்கள். வில்லங்கம் அங்கேதான். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகெங்கும் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ல் அவற்றைக் கொண்டே டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர் முதலான தளங்கள் முடங்கின. கேமராக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அதைவிட மோசம், டேலி கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து இயக்க 3389-ஐத் திறந்து வைப்பது. கணக்கைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள் முதலில் தட்டிப் பார்க்கும் வாசல்களில் அது ஒன்று. உடனே மூடச் சொல்லுங்கள். வேண்டுமானால் விபிஎன் போடச் சொல்லுங்கள். கேமராவுக்குத் தயாரிப்பாளரின் செயலியே போதும், ரவுட்டரில் கதவு திறக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டை மட்டும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று. எண்களைச் சரியாகப் போட்டும் வேலை செய்யவில்லை என்றால் தம்பியைத் திட்டவேண்டாம். ரவுட்டரின் வெளி முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், இணைப்பு கொடுப்பவர் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறார் என்று பொருள். தனி நிலையான முகவரி கேட்டுப் பெறலாம். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். ஆன்லைனில் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவும்.