அகார்-அகார் சில நேரம் ஏன் சரியாக உறைவதில்லை?

கேமரன் மலையில், திரிங்காப் கடையில் போன முறை வாங்கிய அகார்-அகார் கத்தி வைத்ததும் சதுரம் சதுரமாக வந்தது. இந்த முறை வாங்கியதோ தொட்டாலே நெகிழ்கிறது, தட்டில் தண்ணீர் விடுகிறது. உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. பாசியில் இருக்கும் சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த துணுக்கு) காரணமாக இருக்கலாம்.

அது என்ன செய்கிறது? அகார் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. ஆறும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால்தான் உறையும். சல்பேட்டுக்கு மின்னூட்டம் உண்டு. அது சங்கிலிகளை விலக்கியே வைக்கிறது.

உடம்புக்குக் கெடுதலா? இல்லை. யாரும் கலந்ததல்ல, பாசியிலேயே இயற்கையாக இருப்பது.

எல்லாப் பாசியிலும் ஒரே அளவா? அதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவில், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப்பாசியில் சல்பேட் குறைவு, அகார் கெட்டியாக உறையும். கஞ்சிப்பாசியில் அது அதிகம், அதனால் விலையும் குறைவு. அதே கடல், அதே உழைப்பு. கூலி மட்டும் வேறு. சல்பேட்டை எடுக்கும் வழி முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இப்போது எப்படி எடுக்கிறார்கள்? ஆலைகளில் பாசியைக் காரக் கரைசலில் (சோடியம் ஹைட்ராக்சைடு) சூடாக்குகிறார்கள். நன்றாகவே பலன் தரும். ஆனால் பிறகு பல தண்ணீரில் அலச வேண்டும். அந்தக் காரத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது.

மாற்று வழி நொதி (ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும் புரதம்). கடல் பாக்டீரியாக்கள் சில, பாசியைத் தின்பதற்காக ஆரில்சல்ஃபடேஸ் என்ற நொதியை உண்டாக்குகின்றன. மிதமான சூட்டிலேயே அது சல்பேட்டைக் கழற்றிவிடும், சங்கிலியைத் தொடாது.

பிறகு ஏன் எல்லா ஆலையிலும் இது இல்லை? இத்தகைய பாக்டீரியாக்கள் பலவற்றில் அகாரேஸ் என்ற இன்னொரு நொதியும் உண்டு. அது சங்கிலியையே துண்டாக்கும்; கொஞ்சம் கலந்தாலும் அகார் நீர்த்துவிடும். பிரித்துச் சுத்தம் செய்யச் செலவாகும். காரமோ மலிவு.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்? கேமரன் மலை உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அகார் கரைய அது போதும், ஆனால் நேரம் பிடிக்கும். ஒரு துணுக்குகூடத் தெரியாமல் போகும்வரை கிளறிக் கொதிக்க விடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே ஊற்றுங்கள். புளிப்போடு கொதித்தால் சங்கிலி அறுந்துவிடும். அப்படியும் நெகிழ்ந்தால், அடுத்த முறை தூளைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.