கொரோனாக் கால நிவாரணமும் எமது லயத்துக் கடைகளும்



பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும், செக்ரோல் சம்பளத்தை மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் இன்று குறைவு. அம்மா கொழுந்து எடுப்பார். மகன் ஓட்டோ ஓட்டுவார். மருமகள் லயத்து முன்காம்பராவில் சீனி, பருப்பு, சவர்க்காரம் வைத்து விற்பார். சிலர் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறார்கள். சிலர் கோழி வளர்க்கிறார்கள். தெமோதரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் வெள்ளைக்காரருக்கு இளநீரும் சோளமும் விற்கிறார்கள்.

இவையெல்லாம் வியாபாரம்தான். ஆனால் நாம் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. "என்ன தொழில் செய்றீங்க அக்கா?" என்று கேட்டால், "சும்மா ஒரு சின்னக் கடைங்க ஐயா" என்றுதான் பதில் வரும். அந்தச் "சும்மா" 2020ஆம் ஆண்டில் பல குடும்பங்களுக்கு எவ்வளவு நட்டத்தைக் கொடுத்தது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். கொரோனா முடிந்துபோன கதைதானே, இப்போது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தக் காலத்துக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. எமது மாவட்டத்தில் இடையிடையே சில மணி நேரம் தளர்த்தினார்கள். தேயிலை வேலைக்கு அனுமதி இருந்தபடியால் மலையில் வேலை நடந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி கொழும்புத் தேயிலை ஏலம் முதல் தடவையாகக் கம்பியூட்டர் வழியாக நடந்தது. ஆகவே கொழுந்து எடுத்தவருக்குப் பேர் விழுந்தது. ஆனால் லயத்துக் கடைக்காரிக்கு டவுனிலிருந்து சாமான் எடுக்க வழியில்லை. ஓட்டோவுக்கு ஹயர் இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்த பிள்ளைகள் வெறும் கையோடு வீடு வந்து சேர்ந்தார்கள். விமான நிலையம் 2021 ஜனவரி வரை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கவில்லை. எல்ல பக்கம் நம்பியிருந்தவர்களின் பாடு சொல்லத் தேவையில்லை.

அரசாங்கம் ஒன்றுமே தரவில்லை என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. தந்தது. யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

இலங்கை மத்திய வங்கி 2020 மார்ச் கடைசியில் வங்கிகளுக்கும் லீசிங் கம்பெனிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சிறிய, நடுத்தர வியாபாரங்களின் கடன் தவணைகளை ஆறு மாதம் ஒத்திவைக்க வேண்டும். ஓட்டோ, பாடசாலை வேன், லொறி, சின்னச் சாமான் வண்டி ஆகியவற்றைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர்களின் லீசிங் தவணைக்கும் ஆறு மாதம். பத்து இலட்சத்துக்குக் குறைந்த தனிப்பட்ட கடனுக்கு மூன்று மாதம். இதற்கு மேலாக 'சௌபாக்கியா' என்ற பெயரில், வியாபாரத்தைத் திரும்பத் தொடங்க ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் ஒரு கடன். முதல் ஆறு மாதம் கட்டத் தேவையில்லை, இரண்டு வருடத்தில் கட்டி முடிக்கலாம். சுயதொழில் செய்பவரும் கேட்கலாம். கடன் தகவல் பணியகத்தில், அதாவது நம் பிள்ளைகள் 'கிரிப்' என்று சொல்லும் இடத்தில், பழைய கறுப்புப் புள்ளி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 60,000 வியாபாரங்களுக்கு அந்த 4 சதவீதக் கடன் கிடைத்தது.

அந்த 60,000 பேரில் எமது லயத்துக் கடைக்காரிகள் எத்தனை பேர்? எங்கள் கண்ணுக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

பசறைப் பக்கம் எமக்குத் தெரிந்த ஓர் அக்கா பதினொரு வருடமாக லயத்துக் கடை நடத்தினார். அவருடைய கடன் கொப்பியைப் பார்த்தால் அந்த லயத்தின் சரித்திரமே தெரியும். யார் வீட்டில் சடங்கு, யார் வீட்டில் சாவு, யார் தீபாவளி அட்வான்சைக் குடித்துத் தீர்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். 10ஆம் திகதி சம்பளம் வந்தால் பாதிப் பேர் கட்டுவார்கள், மீதிப் பேர் அடுத்த மாதம். நாங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனோம். அங்கே மூன்று கேள்வி கேட்டார்கள். வியாபாரப் பதிவு இருக்கிறதா? வங்கிக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா? கடை இருக்கும் இடம் யாருடையது? மூன்றுக்கும் பதில் இல்லை. லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? கொப்பியை எடுத்துக் காட்டினார். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "இது செல்லாதுங்க அம்மா" என்று சொல்லிவிட்டார். கடை அந்த ஆனி மாதம் மூடப்பட்டது.

மாதம் 5,000 ரூபா கொடுப்பனவும் அப்படித்தான். 2020 ஏப்ரலிலும் மேயிலும் சமுர்த்திக் குடும்பங்களுக்கும் தொழில் இழந்தவர்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. செக்ரோலில் ஒரு பேர் இருந்தால் அது சம்பளக் குடும்பம் என்று பல தோட்டங்களில் பட்டியலுக்கு வெளியே விட்டார்கள். அந்தக் காம்பராவுக்குள்ளே தொழில் இழந்த இன்னும் மூன்று பேர் இருப்பதை யார் பார்த்தார்? சுற்றுலாச் சபையில் பதிந்திருந்த வழிகாட்டிகளுக்கு 20,000 ரூபாவும் சாரதிகளுக்கு 15,000 ரூபாவும் கிடைத்தன. அதே பாதையில் அதே வெள்ளைக்காரரை ஏற்றிச் சென்ற எமது பதியாத ஓட்டோக்காரருக்கு ஒன்றுமில்லை.

இந்தியாவில் இதை ஓரளவு யோசித்துச் செய்தார்கள் என்று தோன்றுகிறது. 2020 ஜூனில் தெரு வியாபாரிகளுக்கென்றே 10,000 இந்திய ரூபாக் கடன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அடையாளச் சான்றிதழ் இல்லாதவருக்கு, 'இவர் இங்கே வியாபாரம் செய்பவர்தான்' என்று நகரசபை கொடுக்கும் சிபாரிசுக் கடிதம் போதும். எமது தோட்டங்களுக்கும் அப்படி ஒரு கடித முறை இருந்திருந்தால் அந்த அக்காவின் கடை ஒருவேளை தப்பியிருக்கும்.

இனி ஒத்திவைப்பு விடயம். இதில் எங்கள் பிழையும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த நாட்களில் ஓட்டோத் தம்பிமார் போனில் கேட்டபோது, "ஆறு மாதம் கட்டத் தேவையில்லை, பயப்படாதீங்க" என்று சொன்னோம். அது பாதி உண்மை. ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. தள்ளுபடி என்றால் கடன் போய்விட்டது. ஒத்திவைப்பு என்றால் கடன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் வட்டியும் உட்காருகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓட்டோ லீசிங்கில் இன்னும் 3 இலட்சம் கட்ட இருக்கிறது, வட்டி ஆண்டுக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் அந்த ஆறு மாத வட்டி மட்டும் 30,000 ரூபா. அது எங்கும் போகாது, பின்னால் வரும் தவணைகளோடு சேரும். கையில் காசே இல்லாதவருக்கு ஒத்திவைப்பு நல்ல உதவி, வண்டி பறிபோகாமல் இருந்ததே பெரிய காரியம். ஆனால் கையில் கொஞ்சம் காசு இருந்தும், கட்டத் தேவையில்லையாமே என்று டீவி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நட்டம்.

ஒத்திவைப்பைப் பின்னர் பல தடவை நீடித்தார்கள், சுற்றுலாத் துறைக்கு 2022 நடுப்பகுதி வரை போனது. அந்த நேரம் பார்த்துத்தான் நாட்டில் டொலர் இல்லாமல் போனது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. பெற்றோல் வரிசையில் ஓட்டோ நின்றது, தவணை நிற்கவில்லை.

குழுக்கடன் எடுத்த அம்மாமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கிழமைக் கிழமை வந்து வாங்கும் கடனில் "20 சதவீதம்தான்" என்பார்கள். 50,000 எடுத்து, 52 கிழமையில் 60,000 கட்டுகிறோம் என்றால் கேட்க 20 மாதிரித்தான் இருக்கும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம், முழு 50,000 ரூபாவும் வருடம் முழுக்க நம் கையில் இருப்பதில்லை. சரியாகக் கணக்குப் போட்டால் வட்டி 37 சதவீதத்துக்குக் கிட்ட வரும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அது உண்மையான தள்ளுபடி. பதுளை அந்தப் பட்டியலில் இல்லை. "எல்லாக் கடனும் தள்ளுபடியாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கட்டாமல் விட்டு, பிறகு குழுவுக்குள் சண்டை பிடித்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

2020இல் வந்த அந்த 4 சதவீதக் கடனும் ஒத்திவைப்பும் இப்போது கிடையாது, அதைத் தேடி வங்கிக்கு அலைய வேண்டாம். ஆனால் மண்சரிவோ நோயோ இன்னொரு இடைஞ்சல் வந்தால் திரும்பவும் இப்படி ஒரு நிவாரணம் அறிவிக்கப்படும். அப்போதும் அதே மூன்று கேள்வியைத்தான் கேட்பார்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் செய்யலாம். அடையாள அட்டையோடு போய் விண்ணப்பப் படிவம் எடுங்கள், கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் வேண்டும். இடத்துக்கு ஆதாரம் கேட்கும்போதுதான் நம் ஆட்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். தோட்டத்து இடம் என்றால் நிருவாகத்தின் கடிதம் தேவைப்படும். எல்லாத் துரைமாரும் அதை இலகுவில் கொடுக்க மாட்டார்கள் என்பது தெரியும், லயத்தில் கடை வைப்பதையே விரும்பாத தோட்டங்களும் உண்டு. தனியாகப் போய் நிற்காமல் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

வங்கிக் கணக்கு விடயத்தில் பெரிய தொகை வேண்டாம். கடைக் காசில் கிழமைக்கு ஐந்நூறு, ஆயிரம் போட்டு எடுத்தாலே போதும், வங்கிக்காரர் பார்ப்பது அந்த ஓட்டத்தைத்தான். பிரதேச அபிவிருத்தி வங்கி சின்னக் கடன்களுக்குப் பழகிய இடம். பழைய ஆட்களுக்குத் தெரிந்த ஊவா அபிவிருத்தி வங்கி 2010இல் அதோடுதான் சேர்ந்தது. மொத்தக் கடையில் சாமான் எடுக்கும் பில்லை அடுப்பில் போடாமல் ஒரு பையில் வையுங்கள். 2023 ஜூலையிலிருந்து நடக்கும் அஸ்வெசும கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது, வீட்டில் யார் யாருக்கு உண்மையில் வருமானம் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

வங்கியோ லீசிங் கம்பெனியோ கணக்கில் பிழை செய்கிறது, விளக்கம் தர மறுக்கிறது என்றால், முதலில் அந்தக் கிளைக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். தவணைத் துண்டுகளையும் ஒப்பந்தப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அந்தப் பசறை அக்கா போன வருடம் திரும்பவும் கடை போட்டிருக்கிறார். நாங்களும் கூடப் போய்த் துரையிடம் கடிதம் கேட்டோம், மூன்றாவது தடவை கிடைத்தது. பதிவுச் சான்றிதழைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கடன் கொப்பி இப்போது இரண்டு இருக்கிறது, ஒன்று லயத்துக்கு, மற்றது வங்கிக்குக் காட்ட.