கண்ணாடிக் குப்பிகளை வீட்டில் நுண்ணுயிர் நீக்கம் செய்தல்

நுண்ணுயிர் நீக்கம் என்பது ஒரு பொருளின் மேலும் உள்ளும் இருக்கும் எல்லா நுண்ணுயிர்களையும், அவற்றின் வித்துகள் உட்பட, அழித்துவிடுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதையும் தொற்று நீக்கத்தையும் ஒன்றாகவே சொல்கிறோம். ஆய்வகத்தில் இவை வேறு வேறு. தொற்று நீக்கம் நோய்க் கிருமிகளின் எண்ணிக்கையைத் தீங்கில்லாத அளவுக்குக் குறைக்கும். சில எஞ்சி நிற்கலாம். நுண்ணுயிர் நீக்கத்தில் ஒன்றுகூட எஞ்சக் கூடாது. குழந்தையின் பால் புட்டியைப் பத்து நிமிடம் கொதிக்க வைப்பது தொற்று நீக்கம். அந்த வேலைக்கு அது போதும். அதே புட்டியில் காளான் வித்து வளர்க்கவோ, கிணற்று நீரை எடுத்துச் சென்று பாக்டீரியாக்களை எண்ணவோ நினைத்தால் போதாது.

வீட்டில் இந்த வேலை செய்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். காலி குளுக்கோஸ் பாட்டிலில் சோளத்தை நிரப்பிக் காளான் வித்து தயாரிப்பவர்கள், வாழை, ஆர்க்கிட் போன்றவற்றின் திசுவை வளர்த்துப் பார்ப்பவர்கள், கல்லூரிச் செய்முறைத் திட்டத்துக்காக நீர் மாதிரி எடுக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு இது தேவைப்படுகிறது. இராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தில் பாலாற்று நீரும் கிணற்று நீரும் மாணவர்களின் ஆய்வுக்கு எப்போதும் கிடைக்கும் பொருள். அங்கே குப்பியைத் தயார் செய்வதில் நேரும் பிழை, ஆய்வு முடிவையே பொய்யாக்கிவிடும்.

கொதிநீர் ஏன் போதாது

பெரும்பாலான பாக்டீரியாக்கள் 100 டிகிரி செல்சியசில் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. சிக்கல் வித்துகளில் இருக்கிறது. பேசில்லஸ், கிளாஸ்டிரிடியம் இனங்களைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் சூழல் மோசமாகும்போது தம் உயிர்ப்பொருளைத் தடித்த உறைக்குள் அடைத்து, நீரைக் குறைத்து, உறங்கும் நிலைக்குப் போய்விடுகின்றன. செர்மானியத் தாவரவியலர் பெர்டினாண்ட் கோன் வைக்கோல் கஷாயத்தில் வளரும் பேசில்லஸ் சப்டிலிசின் வித்துகள் கொதிநிலையைத் தாங்குவதை 1876-இல் விவரித்தார். அதே ஆண்டில் ராபர்ட் கோக், கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் பாக்டீரியா வித்தாக மாறுவதையும் அந்த வித்திலிருந்து மீண்டும் முளைப்பதையும் காட்டினார்.

அடைப்பான் என்பது ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் கால்நடை மருத்துவத்தில் வழங்கும் தமிழ்ப் பெயர். (தொண்டை அடைப்பான் என்பது வேறு நோய், அதன் கிருமி வித்து உண்டாக்குவதில்லை.) தோல் வட்டாரத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு நேரடியானது. அடைப்பானால் இறந்த மாட்டை உரித்தால் அதன் இரத்தத்தில் உள்ள பாக்டீரியாக்களுக்குக் காற்று படுகிறது. அவை வித்தாகி மண்ணிலும் தோலிலும் தங்கிவிடுகின்றன. தோலுக்கு உப்பிடுவது அழுகலைத் தடுக்குமே தவிர வித்துகளைக் கொல்லாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நுண்ணுயிரியலாளர்கள் இவ்வட்டாரத்தில் மனிதருக்கு ஏற்பட்ட ஆந்த்ராக்ஸ் நோய்களை, மூளை உறை அழற்சி உட்பட, பதிவு செய்திருக்கிறார்கள். இறந்த மாட்டை உரிக்காமல், அறுக்காமல், சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்கச் சொல்வது இதனால்தான்.

வித்துகள் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவு ஒரு சான்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பிரித்தானிய அரசு அங்கே ஆந்த்ராக்ஸ் குண்டுகளைச் சோதித்தது. தீவின் மண்ணை 1986-இல் பார்மால்டிகைடு கரைசலால் நனைத்துத் தூய்மை செய்த பிறகு, 1990-இல்தான் அது பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வித்து எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. ஆந்த்ராக்ஸ் வித்துகள் ஈர வெப்பத்தில் ஒப்பளவில் எளிதாக மடிபவை. கெட்டுப்போன டப்பா உணவில் நஞ்சு உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினத்தின் வித்துகளோ கொதிநீரில் மணிக்கணக்கில் தாங்கும். நம் குப்பியில் எந்த வித்து இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே மிக வலிய வித்தைக் கணக்கில் வைத்துத்தான் வெப்பத்தையும் நேரத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்பிரிட்டும் இங்கே உதவாது. 70 சதவீத ஆல்கஹால் மேசையையும் கையையும் துடைக்க நல்லது. வித்துகளை அது ஒன்றும் செய்வதில்லை. வெயிலில் காய வைப்பதும் அப்படியே.

குக்கரில் நடப்பது என்ன

சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது, ஆவியாகிப் போய்விடும். மூடிய கலத்தில் அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியில் இருக்கும். இந்த வெப்பத்தில் 15 நிமிடம் இருந்தால் வித்துகளும் அழியும் என்பது ஆய்வக அளவுகோல். பிரான்சில் பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சாம்பர்லாந்து 1879-இல் உருவாக்கிய ஆட்டோகிளேவ் இந்த விதியில்தான் இயங்குகிறது. அதற்கு இருநூறு ஆண்டு முன்பே, 1679-இல், எலும்பை மிருதுவாக்க டெனி பாப்பன் செய்த பாத்திரம்தான் நம் பிரஷர் குக்கரின் மூதாதை. ஆக, அடுக்களையில் இருப்பது ஆட்டோகிளேவின் உடன்பிறப்பு என்று சொன்னால் மிகையில்லை. இந்தியக் குக்கர்களின் வெயிட் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்துக்கு அமைந்தது. அது ஏறக்குறைய 120 டிகிரியைத் தரும்.

ஆனால் குக்கருக்கும் ஆட்டோகிளேவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆட்டோகிளேவில் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வழி செய்திருப்பார்கள். குக்கரில் அதை நாம்தான் செய்ய வேண்டும். காற்றும் நீராவியும் கலந்திருந்தால் அழுத்தம் 15 பவுண்டு காட்டினாலும் வெப்பம் ஏறாது: பாதிக் காற்று உள்ளேயே நின்றுவிட்டால் 112 டிகிரிதான் இருக்கும். இதைக் கவனிக்காததே வீட்டு முயற்சிகள் தோற்பதற்கு முதல் காரணம். மூடியைப் போட்டதும் வெயிட்டை வைக்காமல், ஆவி விடாமல் சீராகப் பீறிடத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து வெயிட்டை வைக்க வேண்டும்.

அடுத்தது நேரம். சமையலில் விசிலை எண்ணுகிறோம். இங்கே விசில் கணக்கு உதவாது. ஒவ்வொரு விசிலிலும் அழுத்தம் சற்று இறங்கி மீண்டும் ஏறுகிறது. விசில் எத்தனை என்பது அடுப்பின் தீயைப் பொறுத்தது. முதல் விசிலிலிருந்து கடிகாரம் பார்த்து, தீயைக் குறைத்து, காலிக் குப்பிகளுக்கு 30 நிமிடம் வைப்பது நல்லது. கூடுதலாக வைப்பது குக்கரின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட. சோளம் நிரப்பிய பாட்டிலாக இருந்தால் வெப்பம் நடுவரை போகவே நேரம் பிடிக்கும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தேவை. அவ்வளவு நேரத்துக்குத் தண்ணீர் தாங்கும் பெரிய குக்கர் வேண்டும். தண்ணீர் வற்றினால் பாதுகாப்பு வால்வு உருகும், குப்பியும் வெடிக்கும்.

மலையூரில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால் அதே வெயிட் 117 டிகிரி அளவைத்தான் தரும். நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வேலூர்ச் சமவெளியில் இந்தக் கவலை இல்லை.

குப்பிகளை அடுக்குதல்

அடியில் ஒரு தட்டு வைத்து, அதன் மேல் குப்பிகளை வைக்க வேண்டும். கண்ணாடி குக்கரின் அடியைத் தொட்டால் விரிசல் விடும். 5 லிட்டர் குக்கரில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றலாம். குப்பியின் வாயில் பஞ்சு அடைத்து, அதன் மேல் காகிதம் சுற்றி நூலால் கட்ட வேண்டும். கட்டாத பஞ்சு எழும்பி ஆவித் துளையை அடைத்தால் குக்கர் வெடிகுண்டாகிவிடும். திருகு மூடி என்றால் அரைத் திருகு தளர்த்தி வைக்க வேண்டும்.

இறுக மூடிய காலிக் குப்பியைக் குக்கரில் வைப்பது பலர் செய்யும் தவறு. வெளியே 121 டிகிரி நீராவி இருந்தாலும் குப்பிக்குள் இருப்பது உலர்ந்த காற்று மட்டுமே. நீராவி குளிர்ந்த பரப்பில் படிந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை அப்படியே கொடுக்கிறது, ஈரம் புரதத்தைத் திரித்துக் கிருமியைக் கொல்கிறது. உலர்ந்த காற்றுக்கு இந்த வலிமை இல்லை. அதே 121 டிகிரி உலர் காற்றில் 30 நிமிடம் வைத்த குப்பி, நுண்ணுயிர் நீங்கிய குப்பி ஆகாது. மூடி தளர்ந்திருக்க வேண்டும். குப்பியைப் படுக்க வைத்தால் உள்ளிருக்கும் காற்று இன்னும் எளிதாக வெளியேறும்.

நேரம் முடிந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடக் கூடாது. திரவம் உள்ள குப்பிகள் பொங்கி மூடியைத் தள்ளும். தானாக ஆறட்டும். ஈரக் காகிதத்தின் வழியே கிருமி ஊடுருவும் என்பதால், சுற்றிய காகிதம் காய்ந்த பிறகே குப்பிகளை எடுத்து வைக்க வேண்டும்.

குக்கர் இல்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஜான் டிண்டல் 1877-இல் சொன்னது: ஒரு நாள் அரை மணி கொதிக்க வைத்து, ஒரு நாள் வெதுவெதுப்பாக விட்டு, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதையே செய்வது. இடைப்பட்ட நேரத்தில் வித்துகள் முளைத்துவிடும். முளைத்ததை அடுத்த கொதிப்பு கொல்லும். குப்பிக்குள் சத்துள்ள வளர்ப்பு ஊடகம் இருந்தால்தான் இது நடக்கும். வெறும் குப்பியிலோ வெறும் நீரிலோ வித்து முளைக்காது. முளைக்காததைக் கொதிநீர் கொல்லாது.

அடுப்பில் உலர் வெப்பம் வைக்க நினைத்தால் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம். ரப்பர், பிளாஸ்டிக் மூடிகளுக்கு இது ஒத்துவராது. சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது ஊறுகாய், ஜாம் பாட்டில் வகை, திடீரென்று குளிர்ந்தால் உடையும். போரோசிலிக்கேட் கண்ணாடி வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிவதால் தாங்கும்.

எதற்காகத் தூய்மை

நுண்ணுயிர் நீங்கிய குப்பி, எல்லா வேலைக்கும் தூய்மையான குப்பி ஆகிவிடாது. முதலில் கழுவ வேண்டும். கொழுப்பும் உலர்ந்த புரதமும் கிருமிகளுக்குக் கவசம். சோப்பு, வாஷிங் சோடா, பாட்டில் பிரஷ் போதும். உப்பு நிறைந்த கிணற்று நீரில் கழுவினால் வெள்ளைப் படலம் படியும். அதை வினிகரில் ஊற வைத்து நீக்கி, கடைசியாக வடிநீரில் அலச வேண்டும். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். சுத்தமான கண்ணாடியில் நீர் துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாக இறங்கும்.

பழைய ஆய்வக நூல்கள் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்த குரோமிக் அமிலக் கலவையைப் பரிந்துரைக்கும். வீட்டில் இதைத் தொடவே கூடாது. அது அறுமதிப்பு குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. இராணிப்பேட்டையில் குரோமியச் சேர்மங்கள் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1995-இல் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அவ்வூரின் நிலத்தடி நீருக்கு என்ன செய்தது என்பது அங்குள்ளோர் அறிந்ததே. பாலாற்றை மாசுபடுத்திய தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அந்த நீரில் இன்று குரோமியம் எவ்வளவு என்று அளக்க வந்த மாணவர் தம் குப்பியை அதே குரோமிக் அமிலத்தால் கழுவினால், கண்ணாடியில் ஒட்டிய குரோமியத்தையே அளந்துகொண்டிருப்பார். உலோகச் சோதனைக்கான குப்பிகளைக் கல்லூரி ஆய்வகத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவுவார்கள். அவற்றுக்கு நுண்ணுயிர் நீக்கம் தேவையே இல்லை.

கோலிஃபார்ம் பாக்டீரியா எண்ணும் குப்பிக்குத் தேவை நேர்மாறானது. அதைக் குக்கரில் வைக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரை எடுப்பதாக இருந்தால், குக்கரில் வைக்கும் முன்பே சிறிது சோடியம் தயோசல்பேட் கரைசலைக் குப்பியில் விட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். கெட்ட நீர் நல்ல நீர் என்று முடிவு வரும்.

செய்யக் கூடாதவை

ஊசி மருந்து, கண் மருந்து ஆகியவற்றுக்கான குப்பிகளையும் சிரிஞ்சுகளையும் வீட்டில் தயார் செய்யக் கூடாது. குக்கர் பாக்டீரியாவைக் கொல்லும். இறந்த பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் காய்ச்சல் பொருள் அப்படியே இருக்கும். வடிநீர் ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்ததன் காரணம் இதுவே என்று 1920களில் அமெரிக்காவின் ஃபிளாரன்ஸ் சீபர்ட் நிறுவினார். மருந்து ஆலைகள் கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரிக்கு மேல் உலர் வெப்பத்தில் வைப்பது இதற்காகத்தான். கண்ணாடி சிரிஞ்சை அடுப்பில் கொதிக்க வைத்து ஊசி போட்ட காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். எகிப்தில் 1950கள் முதல் 1980களின் தொடக்கம் வரை நத்தைக் காய்ச்சலுக்கு எதிராக நடந்த ஊசி இயக்கத்தில், சரியாகத் தூய்மை செய்யாத கண்ணாடி சிரிஞ்சுகள் வழியே கல்லீரல் அழற்சி சி பெருமளவில் பரவியது.

இறந்த கால்நடை, பச்சைத் தோல், அவை கிடந்த மண் ஆகியவற்றின் மாதிரியை வீட்டில் வளர்த்துப் பார்ப்பதும் கூடாது. அது கால்நடை மருத்துவரின் வேலை.

சரிபார்த்தலும் அப்புறப்படுத்தலும்

ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் சூடு பட்டது என்பது தெரியும். கிருமி செத்தது தெரியாது. ஆய்வகங்கள் இதற்கு ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் வித்துகள் தடவிய பட்டையை உள்ளே வைத்து, பிறகு அது முளைக்கிறதா என்று பார்க்கும். வீட்டில் எளிய வழி: பட்டாணி வேக வைத்த தெளிந்த நீரைச் சில குப்பிகளில் ஊற்றிக் குக்கரில் வைத்து, திறக்காமல் ஒரு வாரம் விடுவது. கலங்கினாலோ மேலே ஆடை படிந்தாலோ அந்தக் குக்கர், அந்த நேரம், அந்த அடுக்குமுறை ஆகியவற்றில் ஏதோ ஒன்று சரியில்லை.

கலங்கிய குப்பியைத் திறந்து முகரக் கூடாது. மூடியபடியே மீண்டும் குக்கரில் வைத்து, மூடியை மட்டும் தளர்த்தி, 30 நிமிடம் வேக வைத்த பிறகே சாக்கடையில் ஊற்ற வேண்டும். இந்த வேலைக்கு ஒரு பழைய குக்கரைத் தனியாக ஒதுக்கி, சோறு வேகும் குக்கரோடு கலந்துவிடாதபடி மூடியில் பெயின்டால் அடையாளம் இட்டு வைப்பது வழக்கம்.