தீப்பெட்டி ஆபீஸும் கட்டட விதிகளும்

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்று அழைப்போர் அரியர்; ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பதே வழக்கு. கணக்குப் பேரேடும் நாற்காலியும் உள்ள இடந்தான் ஆபீஸ் என்று எண்ணிப் பழகிய வெளியூராருக்கு இப்பெயர் வியப்பளிக்கும். பெயரின் இச்சாதுத்தன்மைதான் நமக்குச் சிறிது கவலையும் தருகின்றது. ஆபீஸ் என்று சொல்லும்போது அங்கே பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன என்னும் நினைவு எழுவதில்லை.

கரிசல் நிலம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய நிலம். பருத்தியும் கம்பும் உளுந்தும் வீடு வந்து சேர்ந்தபின் நிலத்தில் வேலை இல்லை. அம்மாதங்களில் நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பெரிவது, பெண்மக்கள் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் கொண்டுவரும் கூலியினால்தான். ஆகவே இத்தொழிலின் பாதுகாப்பு விதிகள் நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் அந்நிய விஷயம் ஆகா.

தீக்குச்சிக்கு விதி வகுக்க வேண்டும் என்னும் எண்ணம் உலகில் எளிதில் தோன்றிவிடவில்லை. பழைய குச்சிகளின் தலையில் வெண்பாஸ்பரம் இருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிற்று. 1888-ல் லண்டனில் தீக்குச்சி செய்யும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து உலகின் கண்ணைத் திறந்தனர். 1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெண்பாஸ்பரத் தீக்குச்சியை விலக்க உடன்பட்டன. இந்தியாவிலும் 1913-ல் அதற்குத் தடைச் சட்டம் பிறந்தது. 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்று, மறு ஆண்டில் ஊர் திரும்பிய சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் நம் பக்கத்தில் இத்தொழிலை ஊன்றியபோது அப்பழைய விஷம் சட்டத்தால் விலக்கப்பட்டாயிற்று. அந்த அளவில் நம் வட்டாரம் பாக்கியம் செய்தது.

இன்றைய குச்சிக்குப் ‘பாதுகாப்புக் குச்சி’ என்று பெயர். 1844-ல் சுவீடன் நாட்டுப் பாஷ் என்பவர் உரிமைப்பட்டம் பெற்ற முறை இது. தீப்பிடிக்கும் பொருள்களை இரண்டாகப் பிரித்துவிட்டதே இதன் நுட்பம். குச்சியின் தலையில் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரப் பசையும் உள்ளன. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரம் உள்ளது. இரண்டும் உரசும்போதுதான் நெருப்பு. கடையில் வாங்கி வீட்டில் வைத்திருப்பவருக்கு இப்பிரிவினை காவல். ஆனால் செய்யும் இடத்தில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. குளோரேட்டுத் தூளும் சிவப்புப் பாஸ்பரமும் உலர்ந்த நிலையில் கலந்தால், இலேசான உராய்வே வெடிப்பதற்குப் போதும். பெட்டிக்குள் பிரித்து வைத்ததைக் கட்டடத்திலும் பிரித்து வைக்க வேண்டும் என்பதுதான் இத்தொழிலின் கட்டட விதிகளுக்கு அடிப்படை. மருந்து கலக்கும் கொட்டகை வேறு, பக்க மருந்து தடவும் இடம் வேறு, குச்சி முக்கி உலர்த்தும் இடம் வேறு, அடைத்த பெட்டிகள் இருக்கும் கிட்டங்கி வேறு என்று இருத்தல் வேண்டும். ஒன்றில் பயன்படுத்திய துடைப்பமும் சாக்கும் மற்றொன்றுக்குள் நுழையலாகாது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டபோதே அதன் 38-ஆவது பிரிவு, உள்ளே ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டலாகாது என்றும், தள்ளுகதவு அல்லாத கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றும் கூறிற்று. இதைப் படித்துச் சிரிப்பவர் உண்டு. கதவு எப்பக்கம் திறந்தால் என்ன என்பார்கள். நெருப்பைக் கண்டு முப்பது பேர் ஒரே வாசலை நோக்கி ஓடும்போது, உட்புறம் திறக்கும் கதவை முதலில் சென்றவர் இழுக்க இயலாது. பின்னிருப்போரின் நெருக்குதலே அதைச் சாத்திவிடும். ஓர் ஆசாரி அரை நாளில் கீலை மாற்றிக் கொடுத்துவிடுவார். இதற்குப் பணமில்லை என்று எவரும் சொல்ல இயலாது.

நம் மண்ணுக்கென்று ஒரு தொல்லை தனியே உண்டு. கரிசல் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும்; வெடிப்பில் கை நுழையும். மேலோட்டமான கடைகால் போட்ட சுவர் இரண்டு மூன்று பருவங்களில் விரிசல் கொள்வதும், தளம் பிளப்பதும் நாம் அறிந்தவையே. வீட்டில் அது அழகுக்குறை. மருந்துக் கொட்டகையிலோ ஆபத்து. ஈரமாக இருக்கும் மருந்துப் பசை ஓரளவு சாது. தளத்தின் பிளவில் இறங்கி உலர்ந்தால் குணம் மாறிவிடும். பின்னொரு நாள் இரும்புக் கரண்டியால் அதைச் சுரண்டுபவர், தாம் எதைச் சுரண்டுகின்றோம் என்று அறியார். ஆதலின் தளம் பிளவின்றி, நீர்விட்டுக் கழுவத்தக்கதாக இருக்க வேண்டும். மருந்து உலர்வதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். கரிசலை வெட்டியெடுத்துச் சரளை நிரப்பித் தளம் போடுவது ஒரு வழி. ஆழமான கரிசலில், ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் பரப்பிய, அடியில் குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளத்தைச் சுமார் 3.5 மீட்டர் வரை இறக்குவது மற்றொரு வழி. செலவு உண்டு, மறுக்கவில்லை.

செலவுதான் சிறிய முதலாளியை ஒரு தந்திரத்துக்குத் தூண்டியது. மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடமே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழிற்சாலை. ஆகவே ஒரே வளாகத்தை இரண்டு மூன்று பெயர்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதினெட்டுப் பேரைக் காட்டும் வழக்கம் தோன்றிற்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வெண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்தியுள்ளது. எனினும், அபாயமான வேலை நடக்கும் இடத்தில் ஆட்கள் எத்தனை குறைவாயினும் சட்டத்தை அங்கே செலுத்தும் அதிகாரத்தையும் சர்க்காருக்கு அளித்துள்ளது. பேரேட்டில் ஆளைப் பிரிக்கலாம். ஒரே கூரையின்கீழ் உள்ள மருந்தைப் பிரிக்க முடியாதே!

சட்டம் கண்டிப்பாக நடத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிள்ளைத் தொழிலாளர் விஷயமே சான்று. 1986-ல் சட்டம் வந்தது. சிவகாசி நிலையை ஒட்டி எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொழில் அழிந்துவிடும் என்றவர்கள் அன்று பலர். தொழில் அழியவில்லை.

இனித் தரச் சான்று. 1947-ல் தோன்றிய இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1987-ல் பீரோவாக மாறிற்று. பாதுகாப்புத் தீப்பெட்டிக்கு 2653 என்னும் எண்ணுள்ள தரநிலை உண்டு. உரசிய குச்சியின் தலை தெறிக்கலாகாது, அணைத்தபின் கங்கு நின்று புகையலாகாது என்பவை நல்ல குச்சியின் இலக்கணம். கங்கு நிற்காமலிருக்கக் குச்சியை முன்கூட்டியே அம்மோனியம் பாஸ்பேட்டுக் கரைசலில் நனைக்கின்றனர். கப்பலில் ஏறும் தீப்பெட்டிக்கு உலக முழுவதும் ஒரே அடையாளம்: ஐக்கிய நாடுகளின் ஆபத்துச் சரக்குப் பட்டியலில் 1944 என்னும் எண். அவ்வெண்ணும் அதற்குரிய கட்டுமானமும் இல்லாத பெட்டியைத் துறைமுகத்தில் ஏற்றார். மேனாட்டு வியாபாரிகளில் சிலர் மரம் எந்தக் காட்டில் வெட்டியது என்னும் சான்றும் கேட்கின்றனர்.

வருவாயோ மெலிந்தது. 2007 முதல் ஒரு ரூபாயாக நின்ற பெட்டியின் விலை 2021 டிசம்பர் முதல் தேதியில்தான் இரண்டு ரூபாயாயிற்று. வெளிநாட்டு லைட்டர் வந்து வயிற்றிலடித்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய சர்க்கார் தடுத்தது. 600 பெட்டி கொண்ட பண்டலுக்குச் சில ரூபாய் மிஞ்சும் தொழிலில், தனிக் கொட்டகையும் சோதனைக்கூடமும் ஒவ்வொருவரும் அமைப்பது அரிது என்பது உண்மையே. ஆனால் பத்துச் சிறு உற்பத்தியாளர் ஒரு சங்கமாகச் சேர்ந்தால் ஊருக்கு வெளியே ஒரு குளோரேட்டுக் கிட்டங்கி, ஒரு சோதனையறை, ஒரு பொறியாளரின் வரைபடம் ஆகியவை பொதுவில் கிடைக்கும். மருந்து கலப்பதை மட்டும் பொதுவாக்க வேண்டாம் என்பது நம் கருத்து. ஓரிடத்தில் பெருகிய மருந்து ஓரிடத்தில் பெருகிய ஆபத்தே. அன்றன்றைய தேவைக்கு அன்றன்று கலப்பதே நலம். கட்டடக் கடன் கேட்டு வரும் சங்கங்கள், கதவு திறக்கும் திசையையும் கொட்டகைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் வரைபடத்தில் குறித்தே மனுவை அனுப்ப வேண்டுகிறோம்.

பயிரிடுவோருக்கு ஒரு சொல். குச்சிக்குரிய மென்மரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து வருகின்றது. பெருமரம் வறட்சியைத் தாங்கும், குச்சிக்கு ஏற்றது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இதை விவசாயிகளிடையே பரப்பி வருகின்றது. நீர் தேங்கும் கனத்த கரிசலில் அது செழிக்காது. ஆகவே கரிசல் புஞ்சையில் நட்டு ஏமாற வேண்டாம். வடிகாலுள்ள செவல் துண்டும் ஓடைக்கரை மேடும் வைத்திருப்போர், முதலில் வேலியோரத்தில் சில கன்றுகள் வைத்துப் பார்க்கலாம்.